சாரதாமணி போட்ட முடிச்சு

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளில் சாரதாமணியைத் தெரியாதவர்கள் குறைவு. பதினாறு வயதில் பவர்லூமுக்கு வந்தவளுக்கு இப்போது முப்பத்தாறு. ஒற்றை ஆளாக ஆறு தறியைக் கட்டி மேய்ப்பாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால், மற்றவர்கள் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த தறிக்குப் போயிருப்பாள். தூக்கத்தில்கூடப் போர்வை நூலை முடிந்துகொண்டிருப்பாள் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியும் அவள் காதில் பாதிதான் விழும். இருபது வருஷத் தறிச்சத்தம் மீதியைத் தின்றுவிட்டது.

புருஷன் செங்கோடன் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனவன். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். எட்டு வயது கயல்விழியும் ஐந்து வயது அறிவும் இவள் பாடு. அறிவை விடுங்கள், ஆம்பளைப் பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொள்வான் என்பது அவள் கணக்கு. மகள் மட்டும் அந்தச் சத்தத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அது ஒன்றுக்காகத்தான் கோடை விடுமுறையில் பெங்களூருக்குப் பஸ் ஏறினாள்.

பெங்களூரில் தம்பி வளவன் இருக்கிறான். அக்கா தறி ஓட்டிப் படிக்கவைத்த தம்பி, இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அவனுக்கும் பிரபாவுக்கும் பிள்ளை இல்லை. கயல்விழியைத் தங்களோடு வைத்துப் படிக்கவைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, "ஒரு வாரம் வந்து இருக்கட்டும், பாப்போம்" என்றாள் பிரபா. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போன்ற பேச்சுதான். சாரதாமணிக்கு அது கோபமாக வரவில்லை, பயமாக வந்தது.

அடுக்குமாடி வாசலில் முதல் நாளே வாட்ச்மேன் அவளைக் கைகாட்டி, "மெய்டா?" என்று கேட்டான். வளவன் சிரித்துக்கொண்டே, "இல்லப்பா, எங்க அக்கா" என்றான். வேலைக்காரி என்று அர்த்தமாம். அப்படித்தான் அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் நவீன ஓவிய மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள் பிரபா. அங்கே அவள் வருஷச் சந்தா கட்டிய உறுப்பினர். "அண்ணி, உள்ள சத்தமா பேசாதீங்க. பசங்க கை எதுலயும் படக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்."

"செரீங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்றாள் சாரதாமணி. தம்பி பெண்டாட்டிக்கு ஒரு 'ங்க' போதாதா? காரியம் ஆகவேண்டியவள், இரண்டாகப் போட்டாள்.

முதல் அறையில் சுவர் அளவுக்கு நீலம் அடித்த ஒரு படம். "அம்மா, இன்னும் வரஞ்சு முடிக்கலயா?" என்று அறிவு கேட்க, அவன் வாயைப் பொத்தினாள். இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது அறை வாசலில் பிரபாவுக்குப் போன் வந்தது. அறிவுக்கு ஒன்றுக்கு வந்தது, வளவன் அழைத்துப்போனான். பிள்ளைகள் வரைவதற்கென்று அங்கே தாளும் கிரேயானும் வைத்திருந்தார்கள். கயல்விழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாரதாமணியின் இரண்டு கையும் காலியாகிவிட்டன.

எதிரே இரும்புச் சட்டத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைப் பாவு கட்டியிருந்தது. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. அடப்பாவிகளே, இத்தனை பேர் நடமாடும் இடத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. அதைத் தாண்டியது அவளுக்கே தெரியாது. இழையைப் பிடித்தாள், முடிந்தாள், கடித்தாள், துப்பினாள். அடுத்தது. பெங்களூர் வந்த நாலு நாளில் அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்திருந்தது.

காவலாளி கத்தியது பாதிக் காதில் விழுந்தபோது இருபத்தேழு முடிச்சு ஆகியிருந்தது.

கழுத்தில் அட்டை தொங்க ஓர் அதிகாரி அம்மாள் ஓடி வந்தாள். அறுத்துத் தொங்கவிட்டதுதான் ஓவியமாம். சாரதாமணி, "அறுந்து கெடந்துச்சுங்க, முடிஞ்சு உட்டேனுங்க" என்று உரக்கச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். சத்தம் கேட்டுப் பிரபாவும், அறிவோடு வளவனும் வந்து நின்றார்கள். ஓவியனுக்குப் போன் போட்டார்கள். பிறகு கத்தரிக்கோல் வந்தது. அவள் கண்ணெதிரே ஒவ்வொரு முடிச்சாக நறுக்கிப் போட்டார்கள்.

"இவங்க யாரு உங்களுக்கு?" என்று பிரபாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள் அதிகாரி. பிரபா சொன்ன பதிலில் 'மெய்ட்' என்ற வார்த்தை சாரதாமணிக்குப் புரிந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அறிவு, "அம்மா!" என்று வாயெடுத்ததும் வளவன் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். அக்காவுக்காக அவன் அன்று செய்தது அவ்வளவுதான்.

அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. குனிந்து கயல்விழியிடம் தமிழில் கேட்டாள். "பாப்பா, இவங்க உன் அம்மாவா?"

கயல்விழி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சாரதாமணி, மகளுக்கு மட்டும் தெரியும்படி, இல்லை என்று தலையை அசைத்தாள்.

"இல்லீங்க. வேலை செய்யறவங்க" என்றாள் கயல்விழி.

காரில் பிரபா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "கெட்டிக்காரி! இவ இங்க பொழச்சுக்குவா. இவ இருக்கட்டும் அண்ணி." வேண்டியது கிடைத்துவிட்டது. சாரதாமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஊருக்குக் கிளம்பினாள். அறிவு தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். கயல்விழி வாசல்வரை வந்தாள். அங்கே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், அவளுடைய நாலு நாள் சிநேகிதி, "யார் இது?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை கயல்விழி யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வேலைக்கு வந்தவங்க. ஊருக்குப் போறாங்க."

சாரதாமணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வாரேனுங்க பாப்பா" என்றாள்.