ராக்காயி கவுன்சில் துரைக்குச் சொன்ன பதில்

கல்லும் கரையும் என்பார்கள். வெள்ளைப்பாறை ரப்பர் தோட்டத்து ராக்காயி கரைந்து யாரும் பார்த்ததில்லை. முதல் பிள்ளையைப் புதைத்த மறுநாள், விடியுமுன் ஆள் கூப்பிடும் பெரட்டில் அவள் வந்து நின்றாள். இரண்டாவது பிள்ளையைப் புதைத்த மறுநாளும் வந்து நின்றாள். ஐயாவு கங்காணி பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றாள். பால்வாளிகளையும், அவற்றைத் தோளில் மாட்டித் தூக்கும் காண்டாக் கம்பையும் எடுத்துக்கொண்டு தன் நிரை மரங்களைப் பார்க்க நடந்துவிட்டாள்.

"நெஞ்சா அது, கித்தா மரக்கட்டையா?" என்று லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் அவள் காதில் விழும்படியாகவே பேசினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முசிறிப் பக்கத்தில் பிறந்தவள். மழை பொய்த்த ஒரு வருஷம் ஐயாவு கங்காணி ஊருக்கு வந்து, மலாயாவில் மரத்தைக் கீறினால் பால் வருகிறது, பால் சோறாகிறது என்று சொன்னார். தாயில்லாப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினான். பினாங்குக்குப் பக்கத்தில், புதிதாக வந்தவர்களை அடைத்துவைக்கும் தீவிலேயே காய்ச்சலில் கண்ணை மூடினான். பிணம் எந்தப் பக்கம் போயிற்று என்றுகூட மகளுக்குக் காட்டவில்லை. அழ ஆரம்பித்தவளை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். அதன்பின் அவள் அழுததில்லை.

அதே கப்பலில் வந்த சன்னாசிக்கும் அவளுக்கும் கங்காணியே கல்யாணம் பேசி முடித்தார். பேராக்கில், சிம்பாங் பூலாய்க்கு அப்பால், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில், லயத்தில் ஓர் அறை கிடைத்தது. சன்னாசிக்குப் புகைக்கொட்டகையில் ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் வேலை. ராக்காயிக்குப் பால்வெட்டு.

முதல் பிள்ளை, பால் நிறுக்கும் கொட்டகைக்கு அவள் வாளி சுமந்து வரும் வழியில் பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. இரண்டாவது, தொப்புள்கொடி விழும்வரை இருந்தது. வேலைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை என்பதால், பச்சை உடம்போடு போய் மரத்தில் தூளி கட்டிவிட்டு நிரைக்குள் நுழைந்தாள். திரும்பி வந்தபோது தூளி அசையாமல் தொங்கியது. அந்தோ, அப்போதும் அவள் செய்தது ஒன்றுதான்: தூளிச் சேலையை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை வயிற்றில் உண்டானபோது, லயத்துப் பிரசவங்களைப் பார்க்கும் மங்களம் அவளைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் உட்காரவைத்து இடுப்பில் ஒரு கயிறு கட்டினாள்.

"நல்லாக் கேட்டுக்கடி. இது பொறந்து, மூக்குக் குத்தி, குப்பாயினோ குப்பனோ பேரு வைக்கிற வரைக்கும், போனதுக ரெண்டையும் உன் வாயால சொல்லக் கூடாது. யாரு கேட்டாலும் பிள்ளையே பொறக்கலன்னு சொல்லு. வாயெடுத்துச் சொன்னேன்னு வையி, கூப்பிட்டதா நெனச்சு அதுக ரெண்டும் வந்து இதையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"சரிக்கா" என்றாள் ராக்காயி.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. கோலாலம்பூரில் கவுன்சில் கூடி, ஏழைத் தொழிலாளியைப் பற்றிப் பேசியது. பேசியவர்களில் பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் பேசினார்கள். லயத்துக் கூரை, குடிக்கிற தண்ணீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை என்று பேச்சு நகர்ந்து, கடைசியில் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவில் வந்து நின்றது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சம்பளத்தோடு ஓய்வு கொடுப்பதா, வேண்டாமா?

இரக்கம் காட்ட வேண்டும் என்றார் ஓர் அங்கத்தினர். விலை விழுந்த காலத்தில் இரக்கத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்றார் இன்னொருவர். தமிழச்சிகள் நாற்று நட்டுக்கொண்டே பிள்ளை பெறுகிறவர்கள், அது அவர்கள் பழக்கம் என்று அவரே விளக்கமும் சொன்னார். பிள்ளைகள் சாகின்றனவே என்றார் முதலாமவர். எங்கே, அப்படி ஒரு தாயை எனக்குக் காட்டுங்கள், அவள் வாயால் சொல்லட்டும், நான் எதிர்க்கவில்லை என்று சவால் விட்டு உட்கார்ந்தார் இரண்டாமவர்.

ஈப்போவில் இருந்த இந்தியர் சங்கத்தார் அந்த ஒரு தாயைத் தேடினார்கள். வெள்ளைப்பாறைத் தோட்டத்து டிரெசர் நவமணி, "எங்கள் தோட்டத்தில் இருக்கிறாள்" என்றார். நவமணி பாளையங்கோட்டைக்காரர். மருந்துக் கொட்டகையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். ராக்காயியின் இரண்டு பிள்ளைகளையும் துணியில் சுற்றிக் கொடுத்தது அவர் கைதான்.

சவால் விட்ட அந்தக் கவுன்சில் துரை வருவதற்கு முதல் நாள் பால் நிறுத்து முடிந்ததும், நவமணி ராக்காயியை மருந்துக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு பெரிய துரை வாரார். உனக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பார். நீ நடந்தத அப்படியே சொன்னாப் போதும்."

"சொன்னா என்னா ஆகும் சார்?"

"சட்டம் வரும். பேறுகாலத்துக்கு முந்தியும் பிந்தியும் வீட்டுல இருக்கலாம். சம்பளமும் உண்டு. ஏம்மா, இப்ப உன் வயித்துல இருக்கே, அதுக்கே உதவும்."

ராக்காயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மங்களத்தக்கா சொல்லட்டுமே சார். எல்லாம் அவங்களுக்குத் தெரியும்."

"தாய் வாயால கேட்டாத்தான் நம்புவேன்னு சபையிலயே சொல்லிட்டு வாரார்மா அந்த மனுஷன்."

ஏன் சொல்ல முடியாது என்பதை அவள் எப்படி விளக்குவாள்? காரணத்தைச் சொன்னாலே அந்த இரண்டையும் சொன்னதாகிவிடுமே! அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நவமணி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் லயத்து வாசலில் சன்னாசி ஆரம்பித்தான். "சொல்லேன் புள்ள. துரையே தேடி வந்து கேக்கிறான். யாருக்குக் கெடைக்கும் இது?"

மங்களம் முறத்தைக் கீழே வைத்தாள். "டேய் சன்னாசி, புகைக்கொட்டகையில வெந்து வெந்து உன் மூளையும் ரப்பர் சீட்டாப் போச்சா? துரை காருல வருவான், காருல போயிருவான். இவ வாயெடுத்துச் சொன்னா யாரு புள்ள போகும்?"

"இல்லக்கா, சட்டம் வந்தா இவ வாளி தூக்க வேணாமே…"

"சட்டம் வாரதுக்குள்ள புள்ள வந்துரும்லா! அதுவரைக்கும் யாரு காக்கிறது, உன் கவுன்சிலா?"

சன்னாசி ராக்காயியைப் பார்த்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கவுன்சில் துரை பருத்த மனிதர். தொப்பியைக் கழற்றிக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் தோட்டத்துத் துரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐயாவு கங்காணி கைகட்டி நின்றார். துரை பேச்சைத் தமிழிலும், தமிழை அவர் பேச்சிலும் சொல்ல நவமணி நின்றார். சலவை செய்த கோட்டு போட்டு வந்திருந்தார், பாவம்.

"உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார்."

ராக்காயியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ஒரு பக்கம் வீட்டில் படுத்திருக்கக் கிடைக்கும் நாட்கள். இன்னொரு பக்கம் இந்தக் கயிறு. இரண்டும் இந்தப் பிள்ளைக்குத்தான். எது காக்கும் என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"எனக்குப் பிள்ளையே பொறக்கலங்க" என்றாள்.

வேறு ஏதாவது மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நவமணிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் தோட்டத்துத் துரைக்குத் தமிழ் தெரியும். அவர் சிரித்தபடி, "டிரெசர், அவ சொன்னது சொல்லு" என்றார்.

நவமணி சொன்னார்.

"பிள்ளை ஏதாவது இறந்ததா என்று கேட்கிறார். யோசித்துச் சொல், ராக்காயி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்." கடைசி வாக்கியம் துரை கேட்டதல்ல.

"இல்லங்க."

"இங்கே பெண்கள் கடைசி நாள்வரை வேலை செய்கிறார்களா?"

"செய்றாங்க."

"கஷ்டம் ஒன்றும் இல்லையா?"

"வேலை செய்றாங்க" என்று மறுபடி சொன்னாள் ராக்காயி.

துரை எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். கார் கிளம்பிய புழுதி அடங்கும்வரை நவமணி அந்த இடத்திலேயே நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

சில வாரம் கழித்து, காய்ச்சலுக்குக் கொயினா வாங்க அவள் வரிசையில் வந்தபோது, அவர் மேசை மேலிருந்த ஆங்கிலப் பேப்பரை விரித்தார்.

"உன்னப் பத்தி அந்தத் துரை சபையில பேசினதப் போட்டிருக்கு. கேளு. 'செத்த பிள்ளைகளின் தாயைப் பார்க்கப் பேராக்குக்குப் போனேன். பிள்ளையே பெறாத ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.' இதுக்குக் கீழே, 'சபையில் சிரிப்பு'ன்னு போட்டிருக்கு."

"எதுக்கு சார் சிரிச்சாங்க?"

"நாங்க பொய் சொல்றோம்னு சிரிச்சாங்க. அந்தப் பிரிவ அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சுட்டாங்க. நல்லா இருப்பே, போ."

ராக்காயி கொயினாத் தண்ணீரை அங்கேயே நின்று குடித்தாள். கசப்புகூட அவள் முகத்தில் தெரியவில்லை.

தோட்டத்தில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. "கவுன்சில் ராக்காயி!" என்று பெரட்டில் கூப்பிட ஆரம்பித்தார் ஐயாவு கங்காணி. ஆட்கள் சிரித்தார்கள். "இருக்கேன்" என்றாள் அவள். வயிறு முன்னே தள்ளத் தள்ள, மரத்தை எட்டி நின்று வெட்டினாள். கால் வீங்கியது. புடவைக் கரையைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டாள். ஓய்வு என்ற ஒன்றைப் பற்றி நவமணி சொன்னது நினைவில் இருந்ததோ என்னவோ, அவள் அதைப் பேசவில்லை.

வலி வந்த அன்றும் பால் சேர்த்து முடித்துத்தான் வாளியைக் கீழே வைத்தாள். மங்களம் ஓடி வருவதற்குள் மரத்தடிச் சருகில் பிள்ளை விழுந்துவிட்டது. பெண். அழுதது!

"பாத்தியாடி, ஆத்தா கயிறு!" என்று மங்களம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். புகைக்கொட்டகையிலிருந்து ஓடிவந்த சன்னாசி, கரியும் கண்ணீருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ராக்காயி மட்டும் பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள். மூச்சு வந்து வந்து போயிற்று. அது எதனால் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

மூக்குக் குத்தி, குப்பாயி என்று பேர் வைத்து, கயிற்றை அறுத்து அம்மன் காலடியில் போட்ட அன்றே, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக் கொட்டகைக்குப் போனாள்.

"பிள்ளைக்கு என்ன?" என்றார் நவமணி, தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்ல சார். இப்பக் கேளுங்க."

"என்னத்த?"

"எத்தனை பிள்ளைன்னு. எனக்கு மூணு சார். மூத்தது பொறக்கும்போதே போச்சு. ரெண்டாவது தூளியில போச்சு. அது ஆம்பளப் பிள்ள. இடது காதுல மச்சம் இருந்துச்சு. மூக்குக் குத்துற வரைக்கும் சொல்லப்படாதுன்னு கட்டு. அதான்."

நவமணி தலை நிமிர்ந்தார். எத்தனை நாள் அவளை மனத்துக்குள் சபித்திருப்பார்! "இத அன்னைக்கே என்கிட்ட மட்டும்…" என்று தொடங்கியவர், அது முடியாது என்பது புரிந்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தத் துரையை மறுபடி வரச் சொல்லுங்க. சொல்றேன்."

"வரமாட்டாரும்மா. சபை கலைஞ்சாச்சு. திரும்ப எப்ப எடுப்பாங்களோ."

"எங்க லயத்துல பாப்பான்னு ஒருத்தி, அவளுக்கு மாசம் முட்டிக்கிட்டு வருது சார். எனக்கு அடுத்த நிரைதான். வாளி தூக்கிக்கிட்டுத்தான் போறா."

நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராக்காயி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகைக்கு அவள் இரண்டு நடை வந்தாள். முதல் நடையில் தன் பால். இரண்டாவது நடையில் வேறு இரண்டு வாளிகள்.

"என்ன கவுன்சில், ஒரே நாளில மரம் ரெண்டு மடங்கு சொரக்குதா?" என்றார் ஐயாவு கங்காணி.

"இது பாப்பா பால். அவ பேருல எழுதுங்க."

"அவ எங்க?"

"மரத்தடியில உக்காந்திருக்கா."

"யார கேட்டு உக்காந்தா?"

"நான்தான் உக்காரச் சொன்னேன்."

கங்காணி அவள் முகத்தைப் பார்த்தார். கெஞ்சலோ கோபமோ இருந்தால் அவருக்குப் பேசத் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை. தோளில் காண்டா பதிந்த இடத்தில் ரவிக்கை கிழிந்து தோல் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கூடப் பார்க்காமல், வாளி காலியாவதற்காக அவள் நின்றாள்.

அவர் தராசை இழுத்தார். பாப்பா பேரில் எழுதினார்.

"நாளைக்கும் இதேதானா?"

"ஆமா" என்றாள் ராக்காயி.