இரண்டு கேமராக்களும் ஒரு சுடிதாரும்

என் மனைவிக்கு இடப்பக்கம் வாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண், வீடியோ கேம் வாங்கச் சொன்னாள். சும்மா கையைத் தூக்கச் சொன்னால் அலுத்துவிடும், திரையில் பலூன் உடைப்பதென்றால் தூக்குவார்கள் என்றாள். "மொத ஆறு மாசத்துல வர்றதுதான் சார் அதிகம். அப்புறம் கஷ்டம்."

சிங்கப்பூரில் இருக்கும் மகன், "ரெண்டு மாதிரி கேமரா இருக்குப்பா. பாத்துட்டு அம்மாவுக்கு எது ஒத்துவருமோ சொல்லுங்க" என்றான். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். நோட்டும் பேனாவுமாகத் தஞ்சாவூரில் பழைய கேம் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன்.

முதல் கேமராவுக்கு, நுனியில் ஒளிரும் உருண்டை வைத்த ஒரு கோலைக் கையில் பிடிக்க வேண்டும். கேமரா அந்த உருண்டையைத் தொடரும். இரண்டாவதற்குக் கையில் எதுவும் வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத ஒளியை வீசி, எதிரே நிற்பவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் அதுவே கண்டுகொள்ளும். எட்டடி தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நின்றேன். திரையில் என் கால்கள் பின்னிக்கொண்டு துடித்தன.

"வேட்டியோட நின்னா அதுக்குக் கால் தெரியாது சார்" என்று கடைக்காரர் சிரித்தார். "பேன்ட் போட்டுட்டு வாங்க, டான்ஸே ஆடலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப புடவைன்னாலும் தெரியாதா?"

"தெரியாது."

"நான் சுடிதார் போட்டுக்கிறேங்க. வீட்டுக்குள்ளதானே."

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அவள் வயதில் யாரும் சுடிதார் போட்டு நான் பார்த்ததில்லை. டிவி இருக்கும் கூடம் வாசலிலிருந்தே தெரியும்.

"இந்த வயசுல வேஷம் கட்டணுமா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். கை வந்தா போதும்."

இரண்டாவது கேமராவுக்குக் கூடம் போதாது என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். கூடம் பதினான்கடி நீளம்.

மகன் அனுப்பிய முதல் கேமராவோடு கோல் வந்து சேர்ந்தது. அவளுடைய இடது விரல்கள் அதைச் சுற்றி மடங்கவில்லை. துண்டைக் கிழித்துக் கட்டிப் பார்த்தேன், நழுவியது. ஒரு வாரத்தில் வலது கையால் ஆடத் தொடங்கினாள். "நல்லா இருந்த கை இன்னும் நல்லா ஆயிடுச்சு பாருங்க" என்றாள்.

பிசியோதெரபி பெண் அதைப் பார்த்துவிட்டு, "விரல் மடங்காதவங்களுக்கு மத்த கேமராதானே சார் சரி?" என்றாள்.

"கூடம் போதாதும்மா."

அந்தப் பெண் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் மனைவி முந்திக்கொண்டு, "ஆமாம்மா, அறுப்பு வந்தா நெல்லு மூட்டை வேற இங்கதான் அடுக்குவோம்" என்றாள்.

அன்றைக்காவது மாற்றியிருக்கலாம், அந்த ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் மிச்சமிருந்தது. மாற்றினால் மகனிடம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால் இருந்துவிட்டேன். கை வரவில்லை.

சுடிதார் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஒற்றைக் கையால் புடவை கட்ட முடியாது. தினமும் காலையில் நான்தான் கொசுவம் மடித்துச் செருகிவிடுகிறேன். எனக்கு முதுகு வலிக்கிறது, அவளால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

"கோணலா இருக்குங்க" என்கிறாள்.

அவிழ்த்து, மறுபடியும் மடிக்கிறேன்.