ஃப்ரீசருக்குப் பொட்டு வைத்தவர்

எங்கள் முன்னாள் இயக்குநர் டாக்டர் சண்முகசுந்தரம் காலமான செய்தியை, அவருக்குக் கார் ஓட்டிய பூந்தமல்லி காதர் பாய்தான் தொலைபேசியில் சொன்னார். "பெரியவரு பூட்டாரு சார். இரங்கல் கூட்டத்துல நீங்க பேசியே ஆவணும்னு சொல்லிகினு கீறாங்க." மேடை ஏறினால் என் வாய் சும்மா இருக்காது. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

ஆவடிப் பக்கம் இருந்த எங்கள் ஆய்வுக்கூடம், வைரஸ் நோய்களில் நாட்டுக்கே கடைசி வார்த்தை சொன்ன இடம். மற்ற கூடங்கள் சந்தேகப்பட்டதை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் சொன்னபின் மறுபேச்சில்லை. இந்தப் பொறுப்பை நினைத்து நாங்கள் எதையும் இரண்டு முறை சோதிப்போம். அவருக்கு மார்பு விரியும். "நமக்கு மேல லேப் கிடையாதுய்யா. நாம சொன்னா அதுதான் வைரஸ்" என்பார். வைரஸுக்கு அது தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். பதிலாக மெமோ வந்தது.

மைக்ராஸ்கோப்பில் அவர் கண் வைத்து நான் பார்த்ததில்லை. ஆயுதபூஜை வந்தால் மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எல்லாக் கருவிகளுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். எண்பதுகளில் ஓர் ஆண்டு, பெரிய ஃப்ரீசரில் பனி அப்பியிருந்தது அவர் கண்ணை உறுத்தியது. "ஆஃப் பண்ணி அலம்புங்கய்யா. சரஸ்வதி அழுக்குலயா வந்து உக்காருவா?" உள்ளே இருந்த மாதிரிகள் வராந்தாவுக்குப் போயின. பூஜை முடிந்து பொரி தின்றுவிட்டு எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பினார்கள். நான் அப்போது வேளாங்கண்ணியில் இருந்தேன்.

வராந்தாவில் கிடந்தவற்றில் ஒரு நாயின் மூளையும் இருந்தது. நெமிலிச்சேரி ரயில் நிலையத்தருகே சேகர் என்பவரைக் கடித்துவிட்டுச் செத்த நாய். சேகர் பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நாய்க்கு வெறி இல்லையென்று நாங்கள் சொன்னால் ஊசியை நிறுத்திவிடலாம்.

நான் திரும்பி வந்தபோது அந்த மூளை கூழாகி நாறிக்கொண்டிருந்தது. சோதனைக்கு லாயக்கில்லை என்று எழுதச் சொன்னேன்.

"டெல்லியில ஏன்னு கேப்பான். இங்க 'தெரியல'ன்னு எழுதுற பழக்கமே கிடையாது" என்றார் இயக்குநர்.

சும்மா பேருக்கு ஒரு சோதனை நடந்தது. அழுகியதில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை. 'வெறிநோய் இல்லை' என்று அறிக்கை போயிற்று. கையெழுத்தை மட்டும் மணிமணியாகப் போட்டிருந்தார்.

மனம் கேட்காமல் நெமிலிச்சேரிக்குப் போனேன். சேகர் அதற்குள் ஊசியை நிறுத்தியிருந்தார். அறிக்கையை நம்பாதீர்கள், ஊசியைத் தொடருங்கள் என்று கெஞ்சினேன்.

"அவ்ளோ பெரிய டாக்டரே ஒண்ணுமில்லன்னு எயுதிக் குட்த்துட்டாரு. நீ இன்னா சார், ஊடு தேடி வந்து பயமுறுத்திகினு கீற? அந்த ஊசி வலி உனுக்குத் தெரியுமா?"

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வார்த்தையை நம்பத்தானே அரசாங்கம் எங்களை அங்கே உட்கார வைத்திருந்தது?

அடுத்த மாதம் அவர் தண்ணீரைக் கண்டு அலறினார். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. நான் போய்ச் சொன்னபோது இயக்குநர் தலை நிமிரவில்லை. "வேற நாய் எதாவது கடிச்சிருக்கும்" என்றார். அடுத்த ஆண்டும் பட்டு வேட்டியில் வந்து பூஜை செய்தார். பணி ஓய்வின்போது அவருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். நான் கையைக்கூடத் தட்டவில்லை. இன்று அவரைத் தவறே செய்யாத மேதை என்கிறீர்கள். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்று உண்டு, 'தெரியல' என்று சொல்லாத அந்தப் பழக்கம். காரியம் முடிந்த மறுநாள் சேகரின் மனைவி எங்கள் கூடத்துக்கு வந்தார். இயக்குநர் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள, அந்த அம்மாள் என்னிடம்தான் கேட்டார்.

"ஊசிய நிறுத்தாம போட்டுகினு இருந்தா எங்க ஊட்டுக்காரு பொயச்சிருப்பாரா சார்?"

சாத்திய கதவுக்கு உள்ளேயும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"பிழைத்திருப்பார் அம்மா."