அரக்கிக்காக அழ ஓர் ஆள்

முதலாளியிலிருந்து பார்சல் கட்டுகிறவர் வரை அந்தப் பதிப்பகத்தில் எல்லாருக்கும் அவள் அட்டையக்கா. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு நாவலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, அதில் வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுவது அவள் வேலை. வயது, கண்ணின் நிறம், தழும்பு எந்தக் கன்னத்தில், பழக்கமான கை எது, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, உயிரோடு இருக்கிறாரா இல்லையா. கடைசி விவரம் ரொம்ப முக்கியம். மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போனவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவதை அட்டையக்கா எத்தனையோ முறை தடுத்திருக்கிறாள். ஞாபகசக்தி என்று ஒன்று இருந்தால் இவர்கள் ஏன் கதை எழுத வரப்போகிறார்கள் என்பது அவள் கட்சி.

இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அறைக்குள் பதினான்கு இழுப்பறைகள், அவற்றில் அகரவரிசைப்படி அட்டைகள். அகரவரிசைக்கு ராஜா என்றும் குமாஸ்தா என்றும் பேதம் கிடையாது. அதனால் ஏழு தலை நாகம் ஒன்று காது கேட்காத இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் மேல் சாய்ந்து கிடந்தது. சூனியக்காரி ஒருத்தி, புருஷனிடம் சொல்லாமல் சீட்டுக் கட்டும் இல்லத்தரசிக்கும் விவாகரத்து வக்கீலுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள்.

பெரும்பாலான அட்டைகளுக்கு இரண்டு பேர்தான் காரணம். ஒருவர், இந்தக் காலத்துக் குடும்ப நாவல்கள் எழுதும் ஓர் அம்மாள். அவர் கதையில் மருமகள் ஒருத்தி பதினான்கு மாதம் கர்ப்பமாக இருந்தாள். அட்டையக்கா தலையிடாவிட்டால் இன்றைக்கும் இருந்திருப்பாள். இன்னொருவர் ஒரு பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குவார், மிச்ச நேரத்தில் மாயாஜால நாவல் எழுதுவார். ஒன்பது வருஷத்தில் ஆறு பாகம் வந்துவிட்டது. அவர் நாவலில் ஆண் குதிரை குட்டி போடும், ஒற்றைக்கண் மந்திரவாதி இரண்டு கண்ணிலும் நீர் விடுவான். நாகத்தின் பற்களின் எண்ணிக்கையில் மட்டும் இதுவரை ஒரு பிழையும் வந்ததில்லை.

பிழைகளைக் கண்டுபிடித்தால் அட்டையக்கா ஒரு சீட்டில் பக்க எண்ணோடு எழுதி, வியாழக்கிழமைதோறும் கவரில் போட்டு அனுப்புவாள். இதில் அவளுக்கு இரண்டு விதி. கதையில் கை வைக்கக் கூடாது, அது எழுதுகிறவர் பாடு. இரண்டு இடம் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், எதைத் திருத்தினால் குறைந்த வார்த்தை செலவாகுமோ அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். அச்சகத்தாருக்கு இந்த இரண்டாம் விதி தேன்.

குடும்ப நாவலில் ஒரு தலைவலி உண்டு. புத்தகம் வந்த மறுவாரமே அந்த அம்மாளின் நாத்தனார் பதிப்பகத்துக்கு ஃபோன் போட்டு, “அறுபத்தஞ்சாம் பக்கத்துல வர்ற கருமி நான்தானே?” என்று சண்டைக்கு வந்துவிடுவார். மாயாஜாலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எந்த அரக்கனும் மாடியேறி வந்து என்னை ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கமாட்டான். ஏழாம் பாகம் கைக்கு வரும்வரை அட்டையக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஏழாம் பாகத்தில் காவல் அரக்கி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். மலைக் கணவாயின் கதவைக் காக்கிறவள். மூக்கு நுனியில் கண்ணாடி. வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, “வாயைத் திற” என்பாள், வயது என்ன என்பாள், போன தடவை வேறு காலை அல்லவா நொண்டினாய் என்பாள். பதில் பிசகினால் கதவு திறக்காது. படையோடு வந்த இளவரசனையே மூன்று நாள் வெயிலில் காயவிட்டாள். அட்டையில் இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வந்த அட்டையக்காவின் பென்சில் பாதியில் நின்றது. தன் மூக்கு நுனிக் கண்ணாடி வழியாக, எழுதியதைத் தானே படித்துப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது.

நாவல் சமாசாரம் வீட்டுக்கு வரக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். கல்லூரியில் படிக்கும் மகள் பல் டாக்டரின் பரம ரசிகை, வாயைக் கிளறிவிடுவாள். அன்றைக்குச் சட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கம் படித்தே காட்டினாள். அவள் கணவர் எலெக்ட்ரீஷியன். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

“அட, இது நீயேதான்! நேத்து பால் வாங்கிட்டு வந்தவனை வாசல்லயே நிறுத்தி, போக ஏழு நிமிஷம், வர ஏழு நிமிஷம், மிச்சம் பதினாறு நிமிஷம் எங்க போனீங்கன்னு கேட்டியே!”

“நீங்க பதில் சொல்லலையே.”

“அம்மா, தப்பா எடுத்துக்காத” என்றாள் மகள். “கண்ணாடி வரைக்கும் நீதான். ஆனா சூப்பரா இருக்கா. இளவரசனுக்கு நல்லா வேணும்.”

அட்டையக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒன்பது வருஷமாகக் கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கியதற்கு டாக்டர் ஒரு வழியாகப் பழி தீர்த்துக்கொண்டார், போகட்டும் என்று விட்டுவிட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கணவாயையே கட்டிக் காக்கிறவள் என்றால் சும்மாவா?

மறுநாள் அலுவலகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. இளவரசனின் ஈட்டி பட்டு அரக்கி சாய்கிறாள், கதவு திறக்கிறது, படை அவளைத் தாண்டிப் போகிறது. அத்தியாயத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘அவளுக்காக அழ அந்த ராஜ்ஜியத்தில் ஒருவரும் இல்லை.’

அட்டையக்காவுக்கு வலித்தது. கதைக்காக வலிக்கிற ஆள் இல்லை அவள். ராஜ வம்சங்கள் பூண்டோடு அழிந்தபோதெல்லாம் அட்டையில் ‘இறப்பு’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனவள். இப்போது மட்டும் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை. ஒருத்தி பொழுதெல்லாம் வாசலில் நின்று சரி பார்த்துக்கொண்டே இருந்தால், கடைசியில் அழக்கூட ஆள் இருக்காதா? என்னைப் பற்றி இவர் நினைப்பது இதுதானா?

ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? அரக்கியின் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘பக்கம் 88. படகுக்காரன். தினமும் ஆற்றைக் கடந்து வந்து ஒரு கைப்பிடிப் பழத்தைக் கதவடியில் வைப்பான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போவான்.’ தினமும் பழம் கொண்டுவருகிறவன் அழமாட்டானா? பட்டவர்த்தனமான முரண்! ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அந்த வேகத்தில், கை பழகிய பழக்கத்தில், சீட்டை எழுதி முடித்துவிட்டாள்: ‘88, 212 முரண். 88இல் படகுக்காரன் பற்றிய இரண்டு வரிகளை நீக்கினால் போதும்.’ அன்று வியாழக்கிழமை. கவர் போய்விட்டது.

என்ன செய்திருக்கிறோம் என்பது வெள்ளிக்கிழமை வெங்காயம் நறுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ராஜ்ஜியம் முழுக்க அரக்கியிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரே ஒருவன் இருந்தான். செலவு குறைவு என்று அவனையும் தன் கையாலேயே அடித்துவிட்டாள். அன்றைக்குக் கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் மேல் பழி போட முடிந்தது. சனிக்கிழமை அப்படிச் சாக்கு ஏதும் இல்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, பல் டாக்டரின் முகவரியைத் தேடிப் பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் கன்னம் வீங்கிய மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் எழுதும் பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“எந்தப் பல்லு?”

“பல்லு இல்லம்மா. எண்பத்தெட்டாம் பக்கம்னு சொல்லு. அவருக்குத் தெரியும்.”

தெரிந்தது. டாக்டர் தானே வெளியே வந்து உள்ளே கூட்டிப்போனார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கூச்ச சுபாவம். புத்தக வெளியீடுகளில் இரண்டு முறை வணக்கம் சொன்னதோடு சரி. பழக்க தோஷத்தில் அவளை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து, அதே பழக்க தோஷத்தில் மிதிகட்டையையும் அழுத்திவிட்டார். அட்டையக்கா மல்லாந்தாள். அந்த நிலையில் திரும்பிப் பார்த்தபோது, கருவிகள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஏழாம் பாகத்தின் பிரதி தெரிந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில் இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.

“உங்க சீட்டு வந்த உடனே எடுத்துட்டேன் மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“அதைத் திருப்பிப் போடுங்க.”

“நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?”

“சொன்னது தப்பு. டாக்டர், நான் சுத்தி வளைக்கல. அந்த அரக்கி நான்தானே?”

டாக்டர் பதறிப்போனார். “ஐயையோ, நீங்களா? யார் சொன்னா?”

“என் வீட்டுக்காரர் சொன்னாரு. பொண்ணு சொன்னா. மூக்கு நுனில கண்ணாடி, வர்றவங்களை எல்லாம் நிறுத்திக் கேள்வி கேக்கறது, வேற யாராம்?”

டாக்டர் குனிந்தார். அப்போதுதான் அவர் கண்ணாடியும் மூக்கு நுனியில் தொங்குவதை அட்டையக்கா கவனித்தாள்.

“மேடம், வர்றவங்களை எல்லாம் வாயைத் திறன்னு சொல்றது நீங்களா, நானா?”

அட்டையக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அரக்கியின் அட்டையில் அதைத்தான் அவள் முதல் வரியாக எழுதியிருந்தாள்.

“அது நான்தான்” என்றார் டாக்டர். “பொம்பளையா மாத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

“அப்ப படகுக்காரன் யாரு?”

டாக்டர் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“இருபத்தாறு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன். வர்றவங்க எல்லாரும் வாயைத் திறந்துட்டுதான் இருக்காங்க, ஒருத்தராலயும் பேச முடியாது. மேல மாடிலதான் வீடு, அங்கயும் பேச ஆள் கிடையாது. வியாழக்கிழமை ஆனா உங்க கவர் கிளம்பிடும். முப்பது கேள்வி, நாப்பது கேள்வி. கிழவனுக்கு இடுப்பு வலின்னு சொன்னீங்களே, எப்படிக் குதிரை ஏறினான்னு ஒருத்தங்க கவலைப்பட்டுக் கேக்கறாங்க. என் கிழவனுக்காக! ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அஞ்சாறு தடவை நான் வேணும்னே தப்பு போட்டிருக்கேன். கவர் கொஞ்சம் கனமா வரட்டுமேன்னு.”

அட்டையக்கா நாற்காலியில் எழுந்து உட்காரப் பார்த்தாள். அது விடவில்லை. “எது எது?”

“அஞ்சாம் பாகத்துல நாகத்துக்கு மூணாவதா ஒரு றெக்கை.”

“அதுக்காக நான் பழைய பாகம் நாலையும் புரட்டினேன்! ஆண் குதிரை குட்டி போட்டதும் இந்தக் கணக்குதானா?”

“இல்ல மேடம். அது நெஜமாவே தப்பு.”

அவளுக்குக் கோபமாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது. மூன்றாவதாக ஒரு சந்தேகம் வந்தபோது கோபமும் சிரிப்பும் அடங்கிவிட்டன. குரலைத் தணித்துக் கேட்டாள்.

“எண்பத்தெட்டும் இருநூத்திப் பன்னிரண்டும்? அதுவும் வேணும்னே போட்டதா?”

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். “அழ ஆள் இல்லைன்னு எழுதும்போது, அது சரின்னுதான் நினைச்சு எழுதினேன். ரெண்டும் முரண்னு உங்க சீட்டைப் பாத்துதான் தெரிஞ்சுது.”

வெளியே பெஞ்சில் யாரோ முனகினார்கள். அட்டையக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சரிந்து, எப்படியோ இறங்கி நின்றாள். தலை கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யவில்லை.

“டாக்டர், அவ சாகறதும் பிழைக்கறதும் உங்க இஷ்டம். அதுல நான் தலையிடமாட்டேன். அழ ஆள் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க. அது பிழை.”

“அப்ப அத்தியாயத்தையே மாத்தணும் மேடம். படகுக்காரன் ஆத்தைத் தாண்டணும், மலை ஏறணும், படை போற பாதையில எதிர்ல வரணும். பத்துப் பக்கம் ஆகும். நீங்க எப்பவும் சின்னத் திருத்தம்தானே சொல்வீங்க?”

“ஆகட்டும். இருபது ஆனாலும் சரி.”

“வெளில மூணு பேர் இருக்காங்க.”

“அவங்களைப் பாத்து அனுப்புங்க. அப்புறம் உக்காந்து எழுதுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிட வெளியே போனார். அட்டையக்கா மூலையில் கிடந்த ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, எண்பத்தெட்டாம் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அடித்திருந்த இரண்டு வரிகளின் அடியில், அடித்தது அடித்ததல்ல என்று அச்சகத்தாருக்குச் சொல்லும் புள்ளிகளை, விடாமல், கடைசி எழுத்து வரைக்கும் வைத்தாள். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினாள்.