புள்ளி விழாத பதினொரு பிக்குகள்

என்னிடம் பதினொரு கிட்டார் பிக்குகள் இருக்கின்றன. கிட்டார் இல்லை, எனக்கு வாசிக்கவும் தெரியாது. பிக்குகளைப் பஞ்சில் சுற்றி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து எண்ணி, எண்ணிய தேதியை டைரியில் குறித்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பேன். இந்த முறை டப்பாவுக்கு அடியில் கிடந்த நாற்பது பக்க நோட்டையும் பிரித்தேன். ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய நோட்டு. அதைப் பிரித்ததால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

பிக் என்பது அரச இலையைச் சிறிதாக்கியது போன்ற ஒரு சில்லு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கம்பியைத் தட்டுவார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைத்தான் வாழ்க்கையின் முக்கியமான பொருளாகக் கருதினார். அப்பா வளைகுடாவில் இருந்ததால் மாமா எங்களோடு தங்கியிருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம், கல்லை உடைத்து ஜல்லியாக்கும் ஒரு கிரஷரில் அவருக்கு வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு ஒரு இன்னிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கப் போவார்.

கடைப் பிக் திருச்சியில்தான் கிடைக்கும். மாமாவுக்கு அதில் திருப்தியில்லை. கிட்டார் யாருடையதாக இருந்தாலும் சத்தம் பிக்கினுடையது என்பது அவர் கட்சி. கொட்டாங்கச்சியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஒன்று செய்தார். அதன் சத்தம் குடத்துக்குள் பேசுவது போல உருண்டு வந்தது. அம்மாவின் உடைந்த சீப்பிலிருந்து வெட்டியது கணீரென்று கேட்டது, ஆனால் இரண்டாவது பாட்டிலேயே முனை தெறித்துவிட்டது. சோப்பு டப்பா மூடி நடுத்தரம். முனையைக் கூராகத் தேய்த்தால் சத்தம் குத்தும், மழுக்கினால் அடங்கும். இவை எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. எண், எதில் செய்தது, தடிமன், சத்தம் என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். தடிமனை அளக்க என்னிடம் கருவி இல்லாததால் அஞ்சலட்டைகளை அடுக்கி ஒப்பிட்டேன். கொட்டாங்கச்சி எட்டு அட்டை. சோப்பு டப்பா ஐந்து. வாளி மூடி மூன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை நடக்கும். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மாமா எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே மெட்டை வெவ்வேறு பிக்கால் வாசிப்பார். எது எந்த எண் என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நோட்டில் அந்த வரிக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"நாலாம் நம்பரா? ஏ ஆத்தா, ஒன் காதுல யாரு இட்டிலி மாவ ஊத்துனது? நல்லாக் கேளு, இது ஆறு."

பெரும்பாலும் நான் தவறுவதில்லை. மெல்லிய பிக் கம்பியைத் தொடும்போது வளைந்து கொடுக்கும். அதனால் ஒரு சிறு 'டிக்' முன்னால் கேட்டு, பிறகுதான் சுரம் வரும். தடித்த பிக்கில் அது இருக்காது. சொன்ன கணத்தில் சொன்ன சுரம். மெட்டைத் தனித்தனிச் சுரமாக எடுத்து லீட் வாசிப்பவருக்குத் தடித்ததுதான் வேண்டும். கூட்டமாகக் கம்பிகளை வருடி ரிதம் வாசிப்பவருக்கு மெல்லியது போதும். இதை மாமா சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியிலிருந்து தை வரையிலான பக்கங்களில் தடிமன் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் எட்டு, ஐந்து, மூன்று, இரண்டு என்று போகிறது. அந்த மாதங்களில் மாமா லீட் வாசிப்பதை விட்டு ரிதத்துக்கு மாறியிருந்தார். தடித்த பிக்கை அழுத்திப் பிடித்து வாசித்தால் தோள் கழன்று போகிறது என்றார். ஒரு மெட்டை முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். "மாமாவுக்கு இப்போது மெல்லிய பிக்தான் பிடிக்கிறது" என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அது அவருடைய ரசனை என்று நினைத்தேன்.

வேலை முடிந்து வரும்போது மாமாவின் இமை முடி, காது மடிப்பு, சட்டைக் காலர் எல்லாம் வெளுத்திருக்கும். கல் மாவு. அப்போது கொடும்பாளூர்ப் பக்கம் அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இப்போதே பவுடர் போட்டு ரெடியாகிவிட்டார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். குழாயடியில் குனிந்து அவர் இருமுவதை அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். கடைசியில் அம்மாதான் சண்டை போட்டு அவரைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். படம் எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று அவர் மத்தியானமே வந்துவிட்டார். அம்மா கடலை பிடுங்கப் போயிருந்தாள். பையிலிருந்து பெரிய காக்கி உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தாளை உருவினார். எக்ஸ்ரே படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை ஆட்டியபோது தகரம் போல ஒரு சத்தம் வந்தது. அஞ்சலட்டையோடு வைத்துத் தடவிப் பார்த்தேன். சரியாக ஒன்று.

"இதுல வெட்டுனா எப்புடி இருக்கும்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார்.

படத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஏணிப்படி போல விலா எலும்புகள். இரண்டு பக்கமும் எலும்புகளுக்கு நடுவில், மேற்பாதியில், சல்லடையில் சலித்தது போல வெள்ளைப் புள்ளிகள். கை தவறி மாவு கொட்டிய மாதிரி இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. மாமா, படத்துல மாவு கொட்டிக் கெடக்கு என்றேன்.

"அந்த எடம் வேணாம் ஆத்தா. வெள்ளை விழுந்த எடத்துல வெட்டுனா சத்தம் பிசிறடிக்கும். நல்லாக் கறுப்பா இருக்குற எடமாப் பாத்து வெட்டு. மிச்சத்த அடுப்புல போட்டுரு."

என் இயல்புக்கு ஏற்ற வேலை. கடைப் பிக்கை மேலே வைத்து, காம்பஸ் முனையால் சுற்றிக் கீறி, கோட்டில் ஒரு மயிரிழை தவறாமல் வெட்டினேன். எலும்பு வந்த இடத்தையும் புள்ளி வந்த இடத்தையும் விலக்கி, தோளுக்கு மேலேயும் ஓரங்களிலும் சுத்தக் கறுப்பாக இருந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். பதினான்கு பிக்குகள் தேறின. மிச்சம் அடுப்பில் சுருண்டு கரும்புகையாகப் போயிற்று. அம்மாவிடம் சொல்லாதே என்றார் மாமா. சரி என்றேன். அம்மாவுக்குக் கிட்டார் பிடிக்காது. காசு கொடுத்து எடுத்த படத்தைக் கிட்டாருக்காக வெட்டிவிட்டோம் என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் விழும். ரகசியம் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் என்ன பிளாஸ்டிக் நாற்றம் என்று கேட்டாள். பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்றாள்.

"ஒன்னுமில்லக்கா. சூட்டு இருமலாம். எளநி குடிக்கச் சொன்னாரு."

"படம் எங்கடா?"

"அவுங்களே வச்சுக்கிட்டாங்க."

அம்மா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மாரியம்மா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த முகூர்த்தத்தில் விராலிமலை மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன். மாமா என்னையும் கூட்டிப்போனார். எக்ஸ்ரே பிக்கால் அவர் வருடியபோது ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் கேட்கவில்லை; தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஒரே சத்தமாக வந்தது. பாடியவர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று மண்டபத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். லீட் கிட்டாரை வேறொருவர் வாசித்தார். அதை நான் கவனித்ததாக நோட்டில் எதுவும் இல்லை.

பங்குனியில் மாமா கொடும்பாளூர்ப் பெண் வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்குப் பெண்ணின் பல் சரியில்லை என்றார். அம்மா அவரோடு பதினைந்து நாள் பேசவில்லை. அந்தப் பெண்ணின் பல் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு என்று சொல்லி வைத்திருந்த பட்டுப்பாவாடை போயிற்றே என்று எனக்கும் அவர் மேல் கோபம். ஏப்ரல் முழுவதும் நான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சைக்கு உட்காரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பதினான்கு மாதம் கிரஷருக்குப் போனார். இந்தக் கணக்கைப் பின்னாளில் நான்தான் போட்டேன்.

அவரைத் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்திருந்தேன். பனியனுக்கு மேலே கழுத்தெலும்பு இரண்டும் கொக்கி மாதிரி தெரிந்தன. டாக்டரம்மா புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். இது டிபியா, கல் தூசியா, இரண்டுமா என்று உறுதியாகத் தெரிய வேண்டும், முன்னால் எடுத்த படம் இருந்தால் எது எப்போது வந்தது என்று ஒப்பிடலாம் என்றார். அம்மா புதுக்கோட்டைக்கு ஓடினாள். படத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டி, பரண், அரிசிக் குதிர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தேடினாள். தேடிக்கொண்டே அழுதாள். அப்போதுதான் நான் பிக்குகளைப் போட்டு வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மறுநாள் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள்.

மூன்று தொலைந்து போக மீதி பதினொன்று. டாக்டரம்மாவின் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார், பதினொன்றையும். எல்லாம் ஒரே கறுப்பு. இதில் பார்க்க ஒன்றும் இல்லையே பாப்பா, மீதி எங்கே என்று கேட்டார். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். சுத்தமாக இருந்த இடங்களை மட்டும்தான் வெட்டினேன் என்றும் சொன்னேன், அவர் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். நுரையீரலில் படிந்த கல்லை எந்த மருந்தும் எடுக்காது, ஆனால் முதல் படம் எடுத்த அன்றே அந்தத் தூசியை விட்டு வெளியே வந்திருந்தால் நாள் கிடைத்திருக்கும் என்றார். எத்தனை நாள் என்று அம்மா கேட்டாள். அவர் பதினொரு பிக்குகளையும் பொறுக்கி என் பெட்டியில் போட்டு மூடினார்.

வார்டில் மாமாவின் கட்டிலருகே போனோம். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா ஆத்தா?"

தலையாட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா போர்வையை இழுத்து அவர் முதுகை மூடினாள். ஆவணியில் அவர் இறந்தார். கிட்டாரைக் குழுக்காரர்கள் வந்து வாங்கிப்போனார்கள். பிக்குகளைக் கேட்கவில்லை.

ஏன் மறைத்தார் என்று பல காரணங்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். வேலையை விடச் சொல்வார்கள் என்றா, வாசிக்க விடமாட்டார்கள் என்றா, அம்மா தாங்கமாட்டாள் என்றா, எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொடும்பாளூர்ப் பெண்ணை மட்டும் அவர் இதற்குள் இழுக்கவில்லை. என் பங்கைப் பொறுத்தவரை, வெள்ளை விழுந்தால் சத்தம் பிசிறும் என்று அவர் சொன்னதை நம்பித்தான் நான் எரித்தேன் என்றே இத்தனை ஆண்டுகளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும் என்றும் சேர்த்துக்கொள்வேன்.

நோட்டில் எட்டாம் எண், எக்ஸ்ரே, கறுப்பு. எதிரே சிவப்பு டிக். அதற்குக் கீழே ஒன்பதாம் எண் ஒன்று இருக்கிறது. அதை வெட்டியதே எனக்கு நினைவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது.

"எண் 9. எக்ஸ்ரே, வெள்ளைப் புள்ளி உள்ள இடம். அஞ்சலட்டை 1. திரும்பி உட்கார்ந்து கேட்டேன். கறுப்பும் வெள்ளையும் ஒரே சத்தம்தான். பிசிறு இல்லை. மாமாவிடம் சொன்னேன். மாமா அதை வாங்கி அவரே அடுப்பில் போட்டுவிட்டார்."

நோட்டில் நான் சரியாகச் சொன்ன எல்லா வரிகளுக்கும் எதிரே டிக் இருக்கிறது. இந்த வரிக்கு இல்லை. அந்தக் காலி இடத்தில் பென்சிலால், அவர் பார்த்துத் திருத்துவார் என்று எண்ணி, சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறேன்: "நான் சொன்னது தப்பா மாமா?"