விடிந்தால் வெண்டைப் பறிப்பு

உள்ளறையில் பம்பு டேங்கின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. சோறு வடித்துக்கொண்டிருந்த ராசாத்தாளின் கை அப்படியே நின்றது. மருந்தடிக்கிற அந்தப் பம்பை இந்த வீட்டில் வேப்பெண்ணெய் தெளிக்க மட்டுமே எடுப்பார்கள். எடுப்பதும் அவள் ஒருத்திதான்.

அக்காவுக்கு ஆபரேஷன் என்று மூன்று வாரம் சோமனூரில் இருந்துவிட்டு, அன்று மாலைதான் கிணத்துக்கடவுக்குத் திரும்பியிருந்தாள். இன்னும் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பானையை வைத்துவிட்டு உள்ளே போனாள். கணவன் சுப்பண்ணன் டேங்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உரக்கடை கிருபாசங்கர், சீல் உடைக்காத சிவப்பு மூடி பூச்சிமருந்து பாட்டிலோடு.

"ஏனுங்க, என்ன நடக்குதுங்க இங்க?"

சுப்பண்ணன் நிமிரவில்லை. "வெண்டை மஞ்சளடிச்சுப் போச்சு அம்மணி. நாப்பது செடிக்கு மேல. ஒருக்கா அடிச்சுப்போட்டா..."

"விடிஞ்சாப் பறிப்பு. அது நெனப்பு இருக்குதுங்களா?"

கிருபாசங்கர் சிரித்தான். "கழுவித் தின்னா ஒண்ணும் ஆவாதுங்கக்கா. ஊரே இதைத்தான் அடிக்குது. காய் பளபளன்னு நிக்கும்."

"அப்படீங்களா தம்பி? அப்ப மொதக் கிலோ உங்க ஊட்டுக்குத்தான். சமைக்கக்கூட வேண்டாம். என் கண்ணு முன்னால பச்சையாக் கடிச்சுக் காட்டுங்க."

அவன் சிரிப்பு உதட்டிலேயே உலர்ந்தது.

பச்சையாகக் கடித்தவள் ஒருத்தி இந்த வீட்டிலேயே இருந்தாள். பதிமூன்று வருஷத்துக்கு முன், ஆறு வயது மகள் மௌனிகா செடியிலிருந்து நாலு பிஞ்சைப் பறித்துத் தின்றாள். முந்தின நாள்தான் சுப்பண்ணன் மருந்தடித்திருந்தான். வாயில் நுரை தள்ளிய குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸில் போன அந்த வழியெல்லாம் ராசாத்தாள் கத்தவுமில்லை, அழவுமில்லை. மூன்றாம் நாள் மகள் கண் விழித்தபோதுதான் ஆஸ்பத்திரியே அதிர அழுதாள்.

அதற்கப்புறம் அரை ஏக்கரும் அவள் கைக்கு வந்தது. செடிக்குச் செடி காற்றோட இடம் விட்டாள். பூச்சி உள்ளே வராமல் தடுக்க வரப்போரம் சுற்றிலும் மக்காச்சோளம் விதைத்தாள். வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டை கட்டினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காய் முற்றுவதற்குள் பறித்துவிடுவாள். உழவர் சந்தையில் மற்றவர்கள் கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், இவளிடம் வந்தால் பேசாமல் பையை நீட்டுவார்கள். அந்தப் பைகளில்தான் இப்போது விஷம் விழப் பார்க்கிறது.

"ஊருக்குப் போறப்ப அஞ்சு செடிதான் மஞ்சளாச்சு. புடுங்கிப் போடுங்கன்னு சொல்லிப்போட்டுத்தானுங்களே போனேன்?"

"பூவும் பிஞ்சுமா நின்னுச்சு. காய்க்கற செடியப் புடுங்கக் கை வரல."

"செடிக்குப் பாவம் பாத்தீங்க! நாளைக்கு எவ பெத்த கொழந்தையோ திங்கும், அதுக்குப் பாவம் பாக்கலீங்களா? நம்ம புள்ள கெடந்த கெடப்பு மறந்து போச்சுங்களா?"

சுப்பண்ணன் கையிலிருந்த குடம் சாய்ந்து தரையெல்லாம் தண்ணீர் ஓடியது.

"குடும்ப விசயமுங்க, நான் கெளம்பறேன்..." கிருபாசங்கர் நழுவினான்.

"நில்லுங்க தம்பி. இதை அடிச்சா மஞ்சளான செடி மறுக்காப் பச்சையாவுமா?"

"ஆவாதுங்க. அந்த நோயப் பரப்பற வெள்ளை ஈதான் சாவும்."

"எத்தன நாளைக்குக் காய் பறிக்கக்கூடாது?"

அவன் பாட்டிலைத் திருப்பிப் படித்தான். "ஏழு நாளுங்க."

"ஏழு நாள் விட்டா வெண்டைக்காய் முத்தி வெறகாட்டம் ஆயிரும். படிச்சவரு, இதை இவருகிட்டச் சொல்லலீங்களா?"

சுப்பண்ணன் டேங்கை வாசலுக்கு இழுத்துப்போய்க் கவிழ்த்துவிட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. அவமானமா, கோபமா, அவனுக்கே தெரிந்திருக்காது.

"அந்தப் பாட்டில எடுத்துக்கிட்டுப் போ தம்பி. பறிக்கறதுக்கு முந்தி நானே அத்தன செடியும் புடுங்கிப்போடறேன்."

"புடுங்கி வரப்புல வீசக்கூடாதுங்க. சாக்குல கட்டி எரிக்கோணும்," என்றாள் ராசாத்தாள். அவள் குரல் இன்னும் தணியவில்லை.

"எரிச்சுப்போடறேன்."

கிருபாசங்கர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேனுங்கக்கா" என்றான். எதிரிக்குக்கூடப் 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. அவன் வண்டி கேட்டைத் தாண்டியதும் சுப்பண்ணன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.