மிளகாய் வராத காலம்

உருளைக்கிழங்கு வறுவல் வைத்த தட்டை என் மாமனார் ஒற்றை விரலால் தள்ளிவைத்த அந்த மதியம் இன்னும் கண்முன் நிற்கிறது. கோபமில்லை. வேறு யாருக்கோ உரியது தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்டதுபோல் மரியாதையாகத் தள்ளினார். "இதெல்லாம் நம்ம நாட்டுக்கு இன்னும் வரலையேம்மா," என்றார்.

கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்ததே அவருடைய வாழ்நாள் வேலை. அத்தை இறந்தபின் டெக்சாஸில், ஆலனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறதி நோய் ஒவ்வொன்றாக அழித்து, கடைசியில் அவரைச் சோழர் காலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. அவை கப்பலேறி வர இன்னும் சில நூறு ஆண்டுகள் இருந்தன. "தாத்தா, இட்ஸ் ஃப்ரம் ஹியர்," என்றாள் என் மகள். மிளகாய் பிறந்த கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் பட்டினி கிடந்தார்.

ஒரே மாதத்தில் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. டாக்டர் வயிற்றில் குழாய் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கெஞ்சினேன். ஒருமுறை கத்திவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். வேறு வழி தெரியாமல் அவருடைய பழைய நோட்டுகளை எடுத்து, சாமிக்குப் படைக்க மன்னர்கள் எழுதிவைத்த பட்டியல்களைத் தேடினேன். அரிசி, பருப்பு, நெய், மிளகு, சீரகம், புளி, தயிர், வாழைப்பழம். படிக்கப் படிக்கத்தான் உறைத்தது. வெண்பொங்கலும் தயிர்சாதமுமாக அந்தச் சமையலை நாம் இன்றும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பொங்கலில் முந்திரியை மட்டும் விட்டுவிட்டேன். அதுவும் கப்பலில் வந்ததுதான்.

கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்று கல்வெட்டில் உள்ளபடியே சொல்லிப் பரிமாறினேன்.

"நெய் எவ்வளவு?"

"உழக்கு, மாமா."

தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். ஆறு வாரம் அப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தேன். எங்களுக்காக வைத்திருந்த தக்காளி ரசத்தை என் கணவர் தெரியாமல் சோற்றில் பிசைந்து கொடுத்துவிட்டார். அத்தையின் பக்குவத்தில் வைத்த ரசம். நான் திரும்பியபோது கிண்ணம் காலியாக இருந்தது. மாமாவின் கண்கள் தெளிந்திருந்தன. மகனைப் பார்த்து, "உங்கம்மா எங்கடா?" என்றார்.

என் கணவருக்குப் பொய் வரவில்லை. "அம்மா போயிட்டாங்கப்பா. ரெண்டு வருஷமாச்சு."

அந்தச் செய்தி அன்றுதான் அவருக்கு முதன்முதலாக எட்டியதுபோல இருந்தது. சாயங்காலம்வரை அழுதார். அதன்பின் பொங்கலுக்கும் வாய் திறக்கவில்லை, தயிருக்கும் திறக்கவில்லை. நான் அமுது அமுது என்று சொல்லிக்கொண்டு கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். குழாய் வேண்டாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டோம். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

மூன்று வருடமாகிறது. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் நிமிராமலே கேட்டார். "அன்னைக்கு நான் பொய் சொல்லியிருக்கணுமோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆறுது, சாப்பிடுங்க," என்றேன்.

அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.